செட்டில் குறை இல்லை, அப்பா

என் செட்டுக்கார அப்பாவுக்கு,

நீங்கள் இருக்கிற இடத்தில் கரண்டு ஒழுங்காக வருகிறதா? இங்கே இன்னும் அதே கதைதான். சாயந்தரம் எல்லா வீட்டிலும் டிவி போட்டதும் பல்பு சிவந்து அழுது வடிகிறது. "நம்ம ஆத்துத் தண்ணியிலதான் பொல்பிட்டியவுல கரண்டு எடுக்கிறான், நமக்குத்தான் வோல்டேஜ் இல்ல" என்று திட்ட நீங்கள் இல்லாததால், இப்போது அந்த வேலையை நான் பார்க்கிறேன்.

மற்றபடி சுகம். நோர்வூட் பாதையை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மழை விட்டபாடில்லை. அம்மா மூன்று வேளையும் சாப்பிடுகிறாள், படுத்தால் தூங்குகிறாள். இதைச் சாதாரணச் செய்தி என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் போனதிலிருந்து போன மாதம்வரை அவள் இரண்டையும் சரியாகச் செய்யவில்லை. அவள் தூங்குகிறாள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே.

ஊரறிய எழுதுகிறேன் என்று கோபிக்காதீர்கள். நீங்கள் பாட்டுப் போட்டால் நடுச் சுவர் கூரையைத் தொடாத நம் லயத்து வரிசை வீட்டில் எல்லாக் காம்பராவும் கேட்டது. உங்களுக்கு எழுதுகிற கடிதத்தையும் நாலு பேர் கேட்டுவிட்டுப் போகட்டும்.

எனக்குப் புத்தி தெரிந்தபோது வீட்டில் ஒற்றை ஸ்பீக்கர் கசட் ரேடியோ ஒன்று இருந்தது. அது நன்றாகத்தான் பாடியது. உங்களுக்கு மட்டும் போதவில்லை. அதைக் கொடுத்துவிட்டு இரட்டை ஸ்பீக்கர் வாங்கினீர்கள். பிறகு ஹட்டனில் ஒருவர் கையால் செய்து கொடுத்த ஆம்ப் வந்தது. அது அடுப்பு மாதிரிச் சூடாகி, அதன்மேல் படுத்த பூனை இறங்கவே மாட்டேன் என்றது. அதற்குப் பிறகு ஒரு பழைய ஜப்பான் ஆம்ப், அதற்கு வோல்டேஜ் போதவில்லை என்று ஒரு ஸ்டெபிலைசர், ஸ்டெபிலைசர் உறுமுகிறது என்று இன்னொரு ஸ்டெபிலைசர். கசட் போய் சீடி வந்தது, சீடி போய் பென் டிரைவ் வந்தது, கடைசியில் ப்ளூடூத். தேயிலைத் தோட்டத்தில் உங்கள் பெயரை மட்டும் சொன்னால் யாருக்கும் தெரியாது. செட்டு மணியம் என்றால் நாய்கூட வழிகாட்டும்.

கினிகத்தேனையில் ஒரு சிங்களத் தச்சு பாஸிடம் சொல்லிப் பலாப் பலகையில் இரண்டு பெட்டி செய்வித்தீர்களே, அதை பஸ்ஸில் கொண்டு வந்த நாளை நான் எப்படி மறப்பேன்? மழைக்குப் பயந்து வெள்ளைத் துணி சுற்றி, இரண்டு பேருமாகப் பின்வாசலால் ஏற்றினோம். பஸ்ஸே அமைதியாகிவிட்டது. ஒரு சிங்கள அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்து "அனே பவ்", ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டினார். நீங்கள் துணியை விலக்கி, இது சவப்பெட்டி இல்லை, ஸ்பீக்கர்ப் பெட்டி என்று சிங்களத்தில் விளக்கம் சொல்லச் சொல்ல, அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கொடுத்த இடத்தைத் திருப்பிக் கேட்காததுதான் குறை.

ஒவ்வொரு புதுச் சாமானுக்கும் சந்தனப் பொட்டு வைப்பீர்கள். சாம்பிராணி காட்டுவீர்கள். முதலில் ஒரு முருகன் பாட்டு, அப்புறம்தான் சினிமா. லயத்துக்கே இஞ்சி போட்ட ப்ளேன்டீ. கொஞ்ச நாள் முகமெல்லாம் சிரிப்பாக இருப்பீர்கள். பிறகு ஒரு சாயந்தரம் தலையைச் சாய்த்து உட்கார்வீர்கள். அப்படி உட்கார்ந்தாலே அடுத்தது என்ன வருமென்று அம்மாவுக்குத் தெரியும்.

"ஒண்ணு கொறையுது" என்பீர்கள்.

"என்னாப்பா கொறையுது?"

"பாட்டுல சலங்கை வருதில்ல, முந்தியெல்லாம் தனியாக் கேக்கும். இப்ப எங்கயோ போய் ஒளிஞ்சுக்கிச்சு. மேல் சத்தமே இல்ல இந்தப் பொட்டியில."

நானும் காதைக் கொடுத்துக் கேட்பேன். எனக்குச் சலங்கை கேட்டது. கேட்கிறதே என்று சொன்னால், "ஒனக்கு இன்னும் காது பழகல" என்று சிரிப்பீர்கள். சரி, நமக்குத்தான் ஞானம் போதாது என்று நானும் விட்டுவிடுவேன். மறு மாதம் இன்னொரு சாமான் வீட்டுக்குள் வரும்.

அம்மாவுக்கு அந்தச் சாமான்கள்மேல் கோபம் இல்லை அப்பா. உங்கள் முதுகின்மேல்தான் கோபம். குசினியில் சமைத்துக்கொண்டே அவள் கூப்பிடுவாள், நீங்கள் செட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பீர்கள். "நா ஒருத்தி இந்த வீட்டுல இருக்கேன்னு அந்தப் பொட்டிக்குத் தெரியும், இந்த மனுசனுக்குத் தெரியல. வேணும்னே பண்றாரு" என்று என்னிடம் வந்து புலம்புவாள். உங்களை மாதிரித் தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கிற ரோலர் ஓடுகிற அறையில் வேலை பார்த்த ஆம்பிளைகள் எல்லாருமே அப்படித்தான் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. கத்திப் பேசினால் ஸ்டோர் வாய். கூப்பிட்டும் திரும்பாவிட்டால் ஸ்டோர் திமிர். பென்சன் போனாலும் திமிர் போகவில்லை என்று அம்மா சொல்வாள். நானும் ஆமாம் போடுவேன்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். அது உங்களுக்குத் தெரிந்த காலைதான். ஆனால் உங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

மேல் சத்தத்துக்கான புது ட்வீட்டர் வந்திருக்கிறது, ஐயாவை வரச் சொல்லுங்கள் என்று ஹட்டன் ரிப்பேர் கடைக்காரர் போன் பண்ணினார். எடுத்தது நான்தான். செய்தியைச் சொன்னதும் அம்மா ரொட்டி தட்டுவதை நிறுத்தினாள்.

"இன்னொரு சாமான் இந்த வாசப்படி ஏறுச்சுன்னா, நா எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். சொல்லிட்டேன்."

"போய்ட்டு வா. அங்க நல்ல செட்டு ஏதும் இருந்தா பாத்துட்டு வா" என்றீர்கள் நீங்கள். உங்களுக்கும் வாய் கொஞ்சமில்லை. சாப்பிடாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

நான் அதற்குள் நழுவி வந்து, ஊற்றுத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். நீங்கள் படியிறங்குவது தெரிந்தது. அம்மா வாசலுக்கு ஓடி வந்து, மாவு ஒட்டின கையைத் தூக்கி, உங்களைப் பார்த்து என்னமோ சொல்லிக் கூப்பிட்டாள். பீலித் தண்ணீர் விழுகிற சத்தத்தில் எனக்கு வார்த்தை விளங்கவில்லை. நீங்கள் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். நீங்கள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வளைவில் மறைந்து போனீர்கள். மத்தியானத்துக்குள் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர்கள் எவ்வளவோ பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை, நீங்கள் போய்விட்டீர்கள்.

நம் ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும். வெளியே கிளம்பினவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. மறந்து கூப்பிட்டுவிட்டால், போனவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் பென்சிலை மறந்துவிட்டுப் போனால்கூட அம்மா கூப்பிட மாட்டாள். ஓடி வந்து எனக்கு முன்னால் நின்றுதான் கொடுப்பாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு மறந்தாள். அதுவும் இரண்டு தரம். நீங்களும் தண்ணீர் குடிக்கத் திரும்பி வரவில்லை.

எழவு வீட்டில் பக்கத்துக் காம்பரா அத்தை அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, துக்கத்தில் வாய் தவறிவிட்டது. "பாத்துக்கிட்டுத்தானே நின்னேன், பின்னால நின்னு கூப்பிட்டியே, ஏன் தாயி கூப்பிட்ட" என்றாள். அதோடு அம்மா அழுவதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

கருமாதி முடிந்தது. சொந்தக்காரர்கள் போனார்கள். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டதற்கு ஒரு நாள் சொன்னாள்.

"நாந்தான் கூப்பிட்டு அனுப்பிட்டேன் சரோ. அதுகூடப் பரவால்ல. கேட்டுக்கிட்டே திரும்பாமப் போனாரே, அவ்வளவு கோவமா எம்மேல?"

நெஞ்சில் எத்தனை நாள் கோளாறு இருந்ததோ, டாக்டரே சொன்னாரே அம்மா என்றேன். தலையை ஆட்டினாள், மனசுக்குள் போகவில்லை. என்ன சொல்லித்தான் கூப்பிட்டாய் என்று கேட்டேன். "அதச் சொல்லி இப்ப என்னா ஆகப்போவுது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. உங்களை இழந்தது ஒரு பக்கம். இவளும் கொஞ்சம் கொஞ்சமாக என் கையைவிட்டுப் போகிறாள் என்று எனக்கு நெஞ்செல்லாம் பயம்.

செட்டின்மேல் உங்கள் வேட்டி ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தாள். தொடவிடவில்லை. துக்க வீடு என்று லயத்தில் யாரும் ரேடியோவும் போடவில்லை. அப்படி ஒரு அமைதியை நம் லயம் கண்டதே இல்லை அப்பா. நானோ உங்கள் மகள். ஹட்டனில் துணிக்கடையில் வேலை முடித்து பஸ்ஸில் வரும்போது காதில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னச் சாமான் வாங்கினேன். பிறகு கையடக்க ஸ்பீக்கர் ஒன்று. போனைத் திறந்தால் ஸ்பீக்கர் விளம்பரம்தான். எதைப் பார்த்தாலும் இதற்கு அடுத்தது எப்படி இருக்கும் என்று கை அரிக்கும். ஒரு நாள் கடையில் கூட வேலை செய்கிற பிள்ளைக்குப் பாட்டுப் போட்டுக் காட்டிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணு கொறையுது" என்றேன். என் வாயில் உங்கள் பேச்சு. எனக்கே திக்கென்றது.

அதற்குப் பிறகுதான் அந்த ட்வீட்டர் ஞாபகம் வந்தது. கடைசியாக நீங்கள் ஆசைப்பட்ட சாமான். ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் மேல்தட்டிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். "ஐயாவுக்குன்னு வச்சது, வேற ஆளுக்குக் கொடுக்க மனசு வரல" என்றார். வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அம்மா சண்டை போடுவாள் என்று பார்த்தேன், போட்டால் நல்லது என்றுகூட இருந்தது. அவளோ "செட்டுல பூட்டு. அவரு ஆசப்பட்டது" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வேட்டியை எடுத்துத் தூசி தட்டினேன். நீங்கள் பூட்டுவதை எத்தனை தரம் டார்ச் பிடித்துப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? புது ட்வீட்டரைப் பெட்டியின் தலையில் பூட்டினேன். சந்தனப் பொட்டு வைத்தேன். பக்கத்துக் காம்பராக்காரர்கள் வந்தார்கள். உங்களோடு ரோலர் அறையில் பக்கத்து மெசினில் நின்ற பெரியசாமி மாமாவும் கீழ் லயத்திலிருந்து மூச்சு வாங்க ஏறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். திருகுகள் எல்லாம் நீங்கள் கடைசியாக வைத்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மேல் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் திருகு கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நின்றது.

முருகன் பாட்டுப் போட்டேன்.

அதைப் பாட்டு என்று சொன்னால் முருகனே கோபிப்பார். தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு கிறீச்சல். எனக்குப் பல் கூசியது. அத்தை காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவள் பின்னாலேயே பாதிச் சனம் போனது. அம்மா ப்ளேன்டீத் தட்டோடு குசினி வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவு பேரிலும் பெரியசாமி மாமா ஒருவர்தான் அசையவில்லை. தாளம் போட்டுக்கொண்டு, சொர்க்கத்தில் இருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இப்பதான்டா பாட்டு" என்றார். "சலங்கை கேக்குது."

எனக்கு வந்ததே ஆத்திரம். "என்னா மாமா, கேலி பண்றீங்களா? எங்கப்பா செட்டு இது" என்றேன். அவர் பாட்டுக்குத் தாளம் போட்டார். முன்னால் போய் நின்று, பாட்டை நிறுத்தி, மறுபடியும் கத்தினேன். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. சிரித்தார். சட்டைப் பையில் கையைவிட்டு, கொட்டைப்பாக்கு அளவில் ஒரு சாமானை எடுத்துக் காதுக்குப் பின்னால் மாட்டினார்.

"இரு மகளே. இப்பப் போடு."

போட்டேன். "ஐயையோ, நிறுத்து நிறுத்து" என்று இரண்டு கையாலும் காதைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். வெளியே நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். நீங்கள் போன பிறகு நம் வீட்டு வாசலில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அவருடைய மகள் நுவரெலியாவுக்குக் கூட்டிப்போய்க் காது டாக்டரிடம் காட்டினாளாம். ரோலர்ச் சத்தத்தில் உள் நரம்பு தேய்ந்துவிட்டது என்று சொல்லி இந்தக் காது மெசினைக் கொடுத்தார்களாம். அது கூகூ என்று கத்துகிறது என்று மனிதர் பாதி நேரம் பையில் போட்டுக்கொண்டு திரிகிறார்.

"ஒனக்குத் தெரியுமா மகளே, காது ஒரேடியாப் போறதில்ல. இடி கேக்கும், பஸ்ஸு கேக்கும், ஆம்பள பேசினாக் கேக்கும். மேல் சத்தந்தான் மொதல்ல போவும். சலங்கை, குருவி, புள்ளைங்க பேச்சு, பொம்பளைங்க குரலு. போறது நமக்கே வெளங்காது. ஊரு சத்தம் கொறஞ்சு போச்சுன்னு நெனைப்போம். நா எம் பொண்டாட்டி வாய்க்குள்ளயே பேசுறான்னு எத்தன வருசம் சண்ட போட்டேன்."

குசினி வாசலிலிருந்து அம்மா கேட்டாள். "என்னாண்ணே சொல்றீங்க? இவருக்கும் அப்பிடியா?"

"நானும் மணியமும் ஒரே அறையில பக்கத்துப் பக்கத்துல நின்ன ஆளுங்க தங்கச்சி. எங்காது போச்சு, அவன் காது மட்டும் எப்பிடி நிக்கும்? இந்தா, இந்தத் திருக எங்க முட்டி வச்சிருக்கான் பாரு. எங்களுக்குத்தான் இது பாட்டு."

"எங்கிட்டப் பேசுவாரே."

"மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்தாப் பேசிறலாம். ஒதடு அசையிறத வச்சே பாதி வெளங்கும்."

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். மாமாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"முதுகுப் பக்கம் நின்னு கூப்பிட்டா?"

"இந்த மெசினு இல்லாமயா? ஒண்ணும் விழாது."

"வாசல்ல நின்னு கூப்பிட்டா? படியில எறங்குற ஆள? ரெண்டு தரம் கூப்பிட்டா?"

"பத்துத் தரம் கூப்பிடு. பொம்பளக் கொரலு தங்கச்சி. விழாது."

அம்மா சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு எல்லார் முன்னாலும் கேட்டாள். "அப்பிடின்னா அன்னிக்கி நாங் கூப்பிட்டது?"

பதில் சொன்னது, வெளியே ஓடிப் போயிருந்த பக்கத்துக் காம்பரா அத்தைதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து அம்மாவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நா பாத்தேன் தாயி. அவரு நின்னாரா? இல்ல. திரும்பினாரா? இல்ல. கால் தயங்குச்சா? அதுவும் இல்ல. போன நட மாறவேயில்ல. பயணம் போற ஆளு காதுல விழுந்து மனசு தடப்பட்டாத்தான் அது சகுனம். காதுல விழாத கூப்பாடு கூப்பாடே இல்ல. நீ கூப்பிடவேயில்ல தாயி. நா சொன்னது தப்பு."

குற்றம் சாட்டின வாயே விடுதலையும் கொடுத்தது. இதில் எவ்வளவு நியாயம் என்று எனக்குத் தெரியாது அப்பா. நான் எவ்வளவோ டாக்டர் பேச்சுப் பேசியும் அசையாத அம்மா, அந்தத் தீர்ப்பைக் கேட்டதும் அழ ஆரம்பித்தாள். எழவு வீட்டில் நின்றுபோன அழுகை. வயிறு குலுங்க அழுதாள். நடுநடுவே உங்களுக்குத் திட்டு வேறு. "பாவி மனுசா, காது கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா முன்னால வந்து பேசியிருப்பேனே. இத்தன வருசம் அந்த முதுகோட சண்ட போட்டேனே." உங்களுக்கே தெரியாததை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, டீ ஆறிவிட்டது என்று தட்டோடு குசினிக்குள் போனாள். அன்றைக்கு அவள் சாப்பிட்ட சோற்றைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது.

ஒன்றே ஒன்று எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. உங்கள் காதை எந்த டாக்டரும் பார்க்கவில்லையே. மாமா ஆறுதலுக்குச் சொல்லியிருந்தால்?

அன்று சாயந்தரம் விறகு எடுக்கப் பின்பக்கம் போனோம். மலைச்சரிவு முழுக்கச் சில்வண்டுகள் காதைத் துளைத்தன. அம்மா அப்படியே நின்றுவிட்டாள். "சரோ, இதெல்லாம் செத்துப் போச்சுன்னாரே உங்கப்பா" என்றாள்.

ஞாபகம் இருக்கிறதா? புல்லுக்கு மருந்து அடித்து அடித்துச் சில்வண்டெல்லாம் அழிந்துவிட்டது என்று கொஞ்ச வருசமாக நீங்கள் பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னீர்கள். ஒரு நாள், மருந்தடிக்க ஆளனுப்புகிற தோட்டத்துக் கண்டாக்கு ஐயாவையே பாதையில் மறித்துக் கேட்டீர்கள். அந்த மனிதர் மலையைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், ஒன்றும் விளங்காமல் போய்விட்டார். பெரியவர் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்திருப்பார். நாங்களும் நீங்கள் அரசியல் பேசுகிறீர்கள் என்றல்லவா நினைத்தோம். வாய்க்கு ஒரு பேர், திமிருக்கு ஒரு பேர் என்று வைத்த நாங்கள், காதைப் பற்றி ஒரு நாளாவது நினைத்தோமா?

விறகை வைத்துவிட்டு இரண்டு பேரும் இருட்டும்வரை சில்வண்டைக் கேட்டுக்கொண்டு நின்றோம். எனக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அவள் மனசு என்னவோ அதற்கு முன்னமே ஆறிவிட்டது.

மறுநாள் புது ட்வீட்டரைக் கழற்றிப் பழையதைப் பூட்டினேன். ட்ரெபிளைப் பாதிக்குக் குறைத்தேன். நீங்கள் குறை சொன்ன அதே பாட்டைப் போட்டேன். சலங்கை இருந்தது அப்பா. ஒவ்வொரு மணியும் தனியாக விழுந்தது. அது எங்கேயும் போய் ஒளியவில்லை. கினிகத்தேனைப் பெட்டி, ஜப்பான் ஆம்ப், எல்லாமே நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்திருக்கின்றன. நீங்கள் தேடி அலைந்தது முழுக்க நம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. நினைத்தால் துக்கமாக இருக்கிறது, கொஞ்சம் சிரிப்பும் வருகிறது. உங்களுக்கும் வரும் என்று நினைக்கிறேன்.

என்னைப் பிடித்த அரிப்பும் அதோடு போயிற்று. விளம்பரம் இன்னும் வருகிறது, விரலால் தள்ளிவிடுகிறேன். குறைகிறது என்று தோன்றினால் புதுச் சாமானைத் தேடாமல் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு தரம் உட்கார்ந்து கேட்கிறேன். அந்த ட்வீட்டரைப் பெரியசாமி மாமா கேட்டு வாங்கிக்கொண்டார். மெசினைப் பைக்குள் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்கிறாராம். கீழ் லயத்துக்காரர்கள் பாவம்.

அம்மா இப்போது சாயந்தரமானால் செட்டைத் தானே போடுகிறாள். உங்கள் படத்துக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்கிறாள். போன வாரம் பாட்டு நடுவில் என்னைக் கூப்பிட்டாள். "அப்பாவுக்கு எழுதப்போறேன்னியே, எழுது. அன்னிக்கி நா சொன்னதையும் எழுது. வாயால சொல்லித்தான் அவருக்கு விழல. கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு, படிச்சுக்கிருவாரு. முன்னால நின்னு சொல்றதா எழுது" என்றாள்.

முன்னால் நின்றுதான் சொல்கிறாள் அப்பா. முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"என்னாங்க, நா எங்கயும் போகல. சும்மா சொன்னேன். வாங்கிட்டு வாங்க, சாயந்தரம் சேந்து கேப்போம்."

இவ்வளவுதான் அவள் சொன்னது. இனி அவளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். இந்த வீட்டில் அவள் எங்கிருந்து கூப்பிட்டாலும், எந்த வேலையில் இருந்தாலும், பாட்டைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். இது சத்தியம்.

அம்மா கூப்பிட்டால் திரும்புகிற,
உங்கள் மகள் சரோ